ஹினாவின் தண்ணீர்

எங்கிருந்து கூப்பிட்டாலும் "இந்தா வாரேன்" என்று குரல் கொடுக்கிற என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். நாளைக்கு உடுத்தப் போகிற நீலப் பட்டுச்சேலையை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டு, சுருக்கம் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். நான் போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விழித்துக் கேட்டால் கணக்குப் பாடம் என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

நாளை சாயங்காலம் உங்கள் ஆய்வகத்தில் தீவின் புது வரைபடத்தைத் திறந்து வைக்கிறார்கள். நீங்கள் பாதியில் விட்டதை உங்களோடு வேலை பார்த்த இங்க்ரிட் ஆன்ட்டி முடித்துவிட்டார். தீவின் பாறை ஆழமாக வெடித்திருக்கிற பெரும்பிளவின் கடைசியில் இருக்கிற உள்குகைக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். அம்மாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊருக்கெல்லாம் கடிதம் போட்டுவிட்டாள்.

ஆனால் அப்பா, அந்தக் குகைக்கு முன்பே ஒரு பெயர் இருக்கிறது. இந்த ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தனை புரொபசர்களுக்கு நடுவில் எழுந்து நின்று, என் அப்பாவின் பெயரை எடுங்கள் என்று நானே எப்படிச் சொல்வேன்?

இருங்கள். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். அப்பா, நான் உங்கள் தீவுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன்.

நம் வீட்டில் அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது. தீவு என்றாலே அதுதான். பசிபிக் என்று உலகப்படத்தில் நீலமாகக் கிடக்கிற இடத்தில் விரல் நுனியை வைத்து, "என் நகத்துக்கு அடியில இருக்கு பாரு" என்பீர்கள். நீங்கள் போன பிறகு அந்தப் படத்தை அம்மா கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். உங்கள் இதயத்துக்கும் குகைக்கும் சம்பந்தமில்லை என்று இங்கே டூபிங்கன் ஆஸ்பத்திரி டாக்டர் எத்தனையோ விதமாகச் சொன்னார். அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. ஈரத்திலேயே கிடந்து நெஞ்சு கெட்டுப்போச்சு என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். வீட்டில் குகை என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

கோடை விடுமுறைக்கு முன்னால் இங்க்ரிட் ஆன்ட்டி வந்தார். சமையலறையில் உட்கார்ந்து, கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். குழு மறுபடி தீவுக்குப் போகிறது, உங்கள் இடம் காலியாக இருக்கிறது, இன்னொரு டிக்கெட்டுக்கு ஆய்வகத்தில் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டிருக்கிறார்கள் என்றார். தீவுக்காரர்கள் உங்களுடைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பியிருந்தார்களாம். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. அம்மா மாட்டேன் என்றுதான் சொன்னாள். மறுநாள் காலையில் பார்த்தால், அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன் மனம் மாறினாள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

சமோவா வரை விமானம். பிறகு கப்பல். அம்மா கப்பல் முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள்.

நீங்கள் சொன்ன எதுவும் பொய்யில்லை அப்பா. மணல் கரையே இல்லாத தீவு. கடலிலிருந்து நேராகச் சுவர் எழுந்து நிற்கிறது. கப்பலிலிருந்து படகுக்கு இறங்கி, படகு அலையோடு மேலே தூக்கும் நேரம் பார்த்துப் படித்துறையில் தாவ வேண்டும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாகத் தாவிவிட்டாள். நான்தான் இரண்டு அலையை விட்டுவிட்டு, மூன்றாவதில் யாரோ கையைப் பிடித்து இழுத்தபிறகு கரை ஏறினேன். காட்டுக்குள் தரையெல்லாம் பழைய பவளம், கத்தி கத்தியாக. வீட்டுக்குள் வளர்க்கிற நாய்க்குட்டி அளவுக்கு ஒரு நண்டு தென்னை மரத்தில் ஏறுகிறது. ராத்திரியில் பாறைக்கு அடியில் கடல் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதல் ராத்திரி எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாம் ராத்திரி நீங்கள் பக்கத்து அறையில் குறட்டை விடுகிற மாதிரி இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

பெரும்பிளவுக்குப் போன அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். காட்டுப் பாதை முடிகிற இடத்தில் ஊரே நல்ல துணி உடுத்திக்கொண்டு நின்றது. இரண்டு மரங்களுக்கு நடுவில் பச்சைத் தென்னங்குருத்தைப் பின்னிக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்ததும் நின்றாள். நீங்கள் போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"பாத்தியாட்டி கோமு, நமக்குத் தோரணம் கட்டி வச்சிருக்காவ. மரியாத தெரிஞ்ச சனம்."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்தி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு, தலையைக் குனிந்து தோரணத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இங்க்ரிட் ஆன்ட்டியின் முகம் வெளுத்துவிட்டது. தீவில் குறுக்கே குருத்தோலை கட்டினால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அம்மா அதற்குள் அங்கே நின்று, நீங்க ஏன் வரலை என்கிற மாதிரி எங்களைப் பார்க்கிறாள். ஊர்த்தலைவர் பெரிய உருவம். அந்தம்மா யார் என்று கேட்டார். உங்கள் மனைவி என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

சிபா என்று ஒரு பெண், நம் அத்தை வயது இருக்கும், இங்கிலீஷ் தெரிந்தவள். அவள்தான் எனக்கு விளக்கினாள். அவள் பேசிய இங்கிலீஷை நான் நம் பேச்சில் எழுதுகிறேன். அந்த ஊரில் ஒருவர் இறந்துபோனால் அவர் வழக்கமாகப் போய்வந்த இடத்தை அவருக்காக மூடிவிடுவார்களாம். அவருடைய ஆட்கள் வந்து தங்கள் காலால் கடக்கிறவரைக்கும் அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை, நடப்பதுகூட இல்லை. நீங்கள் இறந்த சேதி வந்த அன்றைக்கே அவர்கள் பிளவுக்குப் போகும் பாதையை மூடிவிட்டார்கள் அப்பா. உங்களுக்காக.

"வெளிநாட்டம்மாகிட்ட இதை எப்படிக் கேக்கிறதுன்னு எங்களுக்குக் கூச்சமா இருந்துச்சு," என்றாள் சிபா. "அவங்க என்னடான்னா அவங்களா வந்துட்டாங்க."

நான் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ, சாவுக்குக் கட்டின துட்டித் தோரணமா? நான் பல்லைக் காட்டிக்கிட்டுல்லா போனேன்."

ஆனால் அதோடு முடியவில்லை. இறந்தவரின் கண் எதுவரை போனதோ அதுவரை அவருடைய ரத்தத்தில் ஒருவர் போய்த் தண்ணீரைத் தொட்டுவிட்டு வரவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். பிளவின் விளிம்பில் சாத்தியிருந்த மர ஏணியை அம்மா எட்டிப் பார்த்தாள். ஈரத்தில் கறுத்துப்போன ஏணி. அது ஒன்றும் வேண்டாம், நீ இறங்கக்கூடாது என்றாள். இங்க்ரிட் ஆன்ட்டி அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். யாரும் இறங்கவில்லை என்றால் அந்த வருடம் குழு சும்மா திரும்பவேண்டியதுதான். அது எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? நம் கட்டடத்து நிலவறையில் உருளைக்கிழங்கு எடுக்கக்கூட உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறவள். அந்த நான், "நான் போறேன்" என்று சொன்னேன். சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. பெண்பிள்ளை என்பதால் தலைவர் வழி காட்டச் சிபாவை என்னோடு அனுப்பினார்; அவள் கூட வருவதால்தான் அம்மா ஒத்துக்கொண்டாள்.

ஏணியில் இறங்க இறங்க வெயில் மேலேயே நின்றுவிட்டது. கீழே இரண்டு கறுப்புச் சுவர்களுக்கு நடுவில் வெள்ளை மணலும் தென்னை மரங்களும். யாரோ ஒரு தோப்பை எடுத்துக் கிணற்றுக்குள் வைத்துவிட்ட மாதிரி! மரங்களெல்லாம் வெளிச்சத்தைத் தேடி மெலிந்து உயர்ந்து நின்றன. அதற்கு அப்பால் நீளமான குளம். பாறையிலிருந்து ஊறி வருகிற நல்ல தண்ணீர் மேலாகவும் கடல் தண்ணீர் அடியிலும் இருக்கும், இரண்டும் சேருகிற இடத்தில் பார்வை கலங்கும் என்று சொல்வீர்களே, அதைப் பார்த்தேன். கண்ணாடியில் நெய்க்கையை வைத்ததுபோல் என் கால்கள் கலங்கித் தெரிந்தன. கழுத்தளவுத் தண்ணீரில் நடந்தோம். கோடு போட்ட பாம்பு ஒன்று என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போனது. அதற்கு வாய் சின்னது, கடிக்க வராது என்று சிபா சொன்னாள். என்னிடம் சொன்ன மாதிரி பாம்பிடமும் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குளத்தின் கடைசியில் அந்தச் சந்து. நீங்கள் அதுவரை போய், உள்ளே விளக்கை நீட்டி வட்டமாகக் கறுப்புத் தண்ணீர் தெரிந்ததைப் பார்த்து, கடல் ஏறுகிறது என்று திரும்பிவிட்டீர்கள் அல்லவா? நாங்கள் போனபோது தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. படுத்துத்தான் நுழைய முடியும். கார்பைடு விளக்கின் பூண்டு நாற்றம் மூக்கில் ஏறியது. முதுகில் பாறை உரசியது. பாதியில் என்னால் முடியவில்லை அப்பா. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அழுதுவிட்டேன்.

சிபா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அழு. ஆனா அழுதுக்கிட்டே வா. தண்ணி ஏறிடும்."

அழுதுகொண்டே போனேன். போய்ச் சேர்ந்ததுகூடத் தெரியவில்லை. சட்டென்று முதுகில் பாறை இல்லை. எழுந்து நிற்க முடிந்தது. விளக்கைத் தூக்கினால், கூரையெல்லாம் சொட்டுச் சொட்டாக உறைந்து தொங்குகிற கல். நடுவில் ஒரு குளம், ஆடாமல் அசையாமல். ஓரத்தில் ஒரு திட்டு. அதன்மேல் வரிசையாகக் கொட்டாங்கச்சிகள். ஒன்றை எடுக்கப் போனேன், வரவில்லை. மேலேயிருந்து சொட்டுகிற சுண்ணாம்பு படிந்து அவை கல்லோடு கல்லாகிப் போயிருந்தன.

தண்ணீர் எடுத்த சிரட்டைகள் என்று சிபா சொன்னாள். ஒரு காலத்தில் தீவில் மழையே இல்லை. ஆறு கிடையாது, கிணறு தோண்ட முடியாது. ஹினா என்று ஒரு பெண், சிபாவின் வம்சத்தில் வந்தவள், என்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாளாம். அவள்தான் முதலில் அந்தச் சந்துக்குள் நுழைந்து இந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்தாள். பிறகு ஊர்ப் பெண்களெல்லாம் கடல் வற்றுகிற நேரம் பார்த்து வந்து சுமந்து போயிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மழைத்தொட்டி வந்தபிறகு யாரும் வருவதில்லை. இடத்தின் பெயர் ஹினாவின் தண்ணீர்.

எங்க அப்பா இந்த இடத்தின் பெயரைக் கேட்டாரே, பெயர் இல்லை என்றுதானே சொன்னார்கள் என்று கேட்டேன்.

"உங்க அப்பா ஆம்பளைங்களைக் கேட்டார்," என்றாள். "அவங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணி சுமந்தது நாங்கல்லவா?"

கையால் அள்ளிக் குடித்தேன். உங்களுக்கென்று இன்னொரு கை குடித்தேன்.

மேலே வந்ததும் எல்லாரும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். குருத்தோலையை அறுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஊர் விருந்து. தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கு நம் வீட்டுச் சமையல் மாதிரியே இருந்தது. அப்போதுதான் இங்க்ரிட் ஆன்ட்டி எழுந்து, பெயரில்லாத அந்த உள்குகைக்கு உங்கள் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னார். நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அம்மா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு இலையை நீட்டி இன்னும் கொஞ்சம் கிழங்கு கேட்டாள். நீங்கள் போனபிறகு அவள் எதையும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சிபா எனக்கு எதிரில்தான் இருந்தாள். கை கழுவப் போனபோது பின்னாலேயே போனேன். கோபமா என்று கேட்டேன்.

"கோபம் என்ன? உங்க அப்பா நல்ல மனுஷன். அவர் பேரை வைக்கட்டுமான்னு கேட்டா கொடுத்திருப்போம். இவங்க கேக்கலையே."

இது மனசில் முள்ளாக இருக்கிறது அப்பா. டூபிங்கனுக்குப் பக்கத்து ஆல்ப் மலைக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் ஒவ்வொரு குழியின் பெயரையும் அங்கே உழுகிறவர்களை நிறுத்திக் கேட்பீர்களே! அவர்கள் பேசுகிற ஜெர்மன் பாதி விளங்காது, ஆனாலும் விடமாட்டீர்கள். கேட்காமல் பெயர் எழுதுவது அடுத்தவன் வீட்டுக்கு நாம் பூட்டுப் போடுகிற மாதிரி என்று சொன்னது நீங்கள்தானே? இப்போது உங்கள் பெயராலேயே பூட்டுப் போடுகிறார்கள். நான் சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால்? நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் தொந்தரவே.

அம்மா புரண்டு படுக்கிறாள். விளக்கை அணைக்கிறேன்.

அப்பா, மறுபடியும் நான்தான். ஒரு பகல் போய்விட்டது.

சொல்லிவிட்டேன்.

படத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். காப்பி, ஆப்பிள் கேக், நிறைய நாற்காலிகள். அம்மா முதல் வரிசை. பெரிய புரொபசர் உங்களைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். துணியை எடுத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று, அது சரியில்லை என்று ஜெர்மனில் சொன்னேன். குரல் பாதிதான் வந்தது. புரொபசர் குனிந்து, உங்கள் பெயரின் எழுத்துகளில் ஏதாவது பிழையா என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அன்பாகத்தான் சிரித்தார்கள். எனக்கு உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்காரவில்லை. அந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மழையில்லாத காலம், ஹினா, கல்லாகிப்போன சிரட்டைகள், ஆண்களுக்குத் தெரியாதது, எல்லாம்.

ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று இங்க்ரிட் ஆன்ட்டி மெதுவாகக் கேட்டார்.

"அம்மா இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டாள்," என்றேன்.

அங்கே இருந்த யாருக்கும் அது விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. என்னைப் பார்த்தாள். படம் அச்சாகிவிட்டதே என்று புரொபசர் தாடையைத் தடவினார். அப்போது அம்மா எழுந்தாள். அவளுடைய ஜெர்மன் உங்களுக்குத் தெரியும், ரொட்டிக்கடைக்கும் அவள் பார்க்கிற நூலக வேலைக்கும் காணும், அவ்வளவுதான். அந்த ஜெர்மனிலேயே சொன்னாள்.

"என் புருஷன் கேட்டுத்தான் எழுதுவார். இப்ப இவ கேட்டிருக்கா. மாத்துங்க."

புரொபசர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஹினாவின் பெயரை எழுதப்போனார். இங்க்ரிட் ஆன்ட்டி தடுத்துவிட்டார். அதையும் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றார். அதனால் இப்போது அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மூடியிருக்கிறார்கள். சிபாவுக்கு அவர் நாளைக்கே எழுதுகிறார். பதில் வந்தபிறகுதான் புது அச்சு. உங்கள் பெயர் மூலையில், அளந்து வரைந்தவர் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது. உங்களுக்கு?

திரும்பி வரும்போது நெக்கர் ஆற்றுப் பாலம் வரைக்கும் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பாலத்தின் நடுவில் நின்றாள். அடி விழுமோ என்றுகூட நினைத்தேன்.

"ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டனேட்டி," என்றாள். "எங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

பாதித் தெரு தாண்டியபிறகு மறுபடி வாயைத் திறந்தாள்.

"அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு?"

குகைக்குள் என்ன இருந்தது என்று அம்மா இதுவரை ஒருநாளும் கேட்டதில்லை அப்பா. உங்களிடமும் கேட்டதில்லை, என்னிடமும் கேட்டதில்லை. சில்லென்று இருந்தது, இனிப்பு இல்லை, மழையில் நனைந்த கல்லை நக்கினால் வருமே அந்த ருசி என்று சொன்னேன். நீ எப்போ கல்லை நக்கினே என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுச்சேலையை மடித்து வைத்தாள். பிறகு பெட்டியிலிருந்து நீங்கள் குகைக்குப் போட்டுக்கொண்டு போகிற தடித்த கால்சட்டையை வெளியே எடுத்தாள். சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் கொஞ்சம் பிடிக்கணும், கீழே மடிச்சுத் தைக்கணும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். சேலையைக் கட்டிக்கொண்டு அந்த ஏணியில் எவள் இறங்குவாள் என்று என்னையே அதட்டினாள். இப்போது குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாள்.

எப்போது போவோம் என்று தெரியாது. அடுத்த வருடமா, நான் பள்ளி முடித்தபிறகா, எப்படிப் போவோம் என்றும் தெரியாது. எனக்கு இன்னும் இருட்டு என்றால் பயம்தான், அதில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் அப்பா. அந்த ஏணியில் அம்மாவுக்கு முன்னால் நான்தான் இறங்குவேன். கீழே பார்க்காதே என்று சொல்லி, அவள் பாதத்தை என் கையால் எடுத்து ஒவ்வொரு படியிலும் வைப்பேன்.

உங்கள் பெண்,
கோமதி